ஒரு கேனன் பி, இரண்டு மலிவு லென்ஸ்கள்: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு தோட்டக் குடும்பத்தின் அலமாரியில் நெடுங்காலம் கிடந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கித் தூரத்தைச் சரிசெய்யும் வகை) மீண்டும் பயன்பாட்டுக்கு வந்த விவரம் இது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஊரில் பல ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் என்பதால், பழைய கேமரா வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். நல்ல லென்ஸுக்குப் பெரும்பணம் வேண்டும் என்று தயங்கிக் கேமராவை விற்றுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மலிவான லென்ஸ் ஒன்றை வாங்கி, படம் தெளிவில்லாமல் வந்ததும் எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைத்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்தக் குடும்பம் இரண்டையும் செய்யவில்லை.

பின்னணி

கேமராவின் உரிமையாளர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைக் கடந்துவிட்டது. 1960-களின் நடுவில், ஊர் திரும்பிய தோட்டத் துரை ஒருவரிடமிருந்து கேனன் பி கேமராவையும் அதனுடன் வந்த கேனன் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸையும் தவணை முறையில் வாங்கியிருக்கிறார். (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறைந்தால் திறப்பு பெரிது.) பிள்ளைகளின் திருமணங்கள், தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தூளிகள் வரிசையாகத் தொங்கும் காட்சி என்று அவர் எடுத்த படங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்டு இன்றும் நிற்கும் ரப்பர் மரத்தின் அடியில் அவர் மனைவி நிற்கும் படம் ஒன்று அதில் இருக்கிறது. அது இன்று பார்த்தாலும் கூர்மையாக இருக்கிறது. இந்த ஆய்வில் பின்னால் அந்தப் படம் எனக்குச் சான்றாகப் பயன்பட்டது.

தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து நாளாகிவிட்டது. மூலையில் சிறு ரப்பர்க் காடு மட்டும் மிச்சம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயங்களை இடித்துவிட்டு, குடும்பங்களை அரசாங்கத்தின் மலிவு வீடுகளுக்கு மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. பெரியவரின் பேத்தி ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறார். லயத்து மனிதர்களையும் இடத்தையும் தாத்தாவின் கேமராவாலேயே படமெடுக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கைப்பேசியில் எடுக்கலாமே என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் கைப்பேசிப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அச்சிட்டது ஒன்றுகூட இல்லை. டின்னில் இருந்த தாத்தாவின் படங்களோ எல்லோர் கையிலும் சுற்றி வந்துகொண்டிருந்தன. எனக்கு அந்தக் காரணமே போதுமானதாக இருந்தது.

அவர் என்னிடம் வந்தபோது ஒரு வியாபாரி கேமராவுக்கு விலை பேசியிருந்தார். லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது, இனி பயன்படாது என்பது அவர் சொன்ன காரணம்.

கண்டவை

கேனன் பி 1959-இல் வெளிவந்து 1961 வரை தயாரான கேமரா. உள்ளே ஒளிமானி இல்லை, மின்கலமும் இல்லை. லென்ஸைத் திருகிப் பொருத்தும் இடம், ஜெர்மானிய நிறுவனமான லைக்கா வழக்கத்துக்குக் கொண்டுவந்த 39 மி.மீ. மரை வாய் என்பதால், அந்த மரையில் செய்யப்பட்ட ஜப்பானிய, ஜெர்மானிய, சோவியத் லென்ஸ்கள் பெரும்பாலும் இதில் பொருந்தும். மலிவு லென்ஸ்களின் பெரிய உலகம் திறப்பது இந்த மரையால்தான்.

அடித்தகட்டில் உள்ள சாவியைத் திருப்பிப் பின்கதவைத் திறந்தேன். ஷட்டர் திரை மெல்லிய எஃகுத் தகடு. அதில் கசக்கிய அலுமினியத் தாள் போன்ற சுருக்கங்கள் இருந்தன. இந்தக் கேமராக்களில் இது மிகச் சாதாரணம். கிழிசலோ துளையோ இல்லையென்றால் படத்துக்குக் கேடில்லை. துணித் திரை உள்ள பழைய கேமராக்களில் லென்ஸை மூடாமல் வெயிலைப் பார்க்க வைத்தால், பூதக்கண்ணாடி தாளை எரிப்பதைப் போல வெயில் திரையில் பொட்டுத் துளை போட்டுவிடும். எஃகுத் திரைக்கு அந்தப் பயம் இல்லை. வேகமான ஷட்டர்கள் ஒழுங்காக ஒலித்தன. 1/30-க்குக் கீழே எல்லாம் திணறின, ஒரு நொடியில் வைத்தால் பாதியிலேயே நின்றது. பழைய எண்ணெய் இறுகியதன் அடையாளம் அது.

ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்தபோது, தொலைவில் தெரிந்த தொலைத்தொடர்புக் கோபுரத்தின் இரண்டு பிம்பங்களும் பக்கவாட்டில் சேர்ந்தன. மேல்கீழாக மட்டும் ஒரு மயிரிழை விலகி நின்றன. மேல்கீழ் விலகல் கண்ணுக்குத் தொந்தரவு தருமே ஒழிய, தூரத்தைத் தவறாகக் காட்டாது.

லென்ஸைக் கழற்றி, பின்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போலக் கிளைவிட்ட கோடுகள் தெரிந்தன. அதுதான் பூஞ்சை. திறப்பின் அளவை மாற்றும் அபெர்ச்சர் இதழ்களுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில், குளிர்ந்த கண்ணாடிமீது மூச்சு விட்டதுபோல் சீரான மங்கல் படலம் ஒன்று படிந்திருந்தது. இது பூஞ்சை அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்து லென்ஸை ஒதுக்கிவிடுகிறார்கள். வியாபாரி சொன்னதும் அப்படித்தான். பூஞ்சை ஓரத்தில் மட்டும் இருந்தால் படத்தில் ஏறக்குறைய தெரியவே தெரியாது. மங்கல் படலம் கண்ணாடியின் முழுப் பரப்பையும் தொடுவதால், வெளிச்சம் எதிரிலிருந்து வந்தால் படத்தின் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். இந்த வகை 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்களில் இந்தப் படலம் அடிக்கடி காணப்படுகிறது. நாளானால் கண்ணாடியையே அரித்துவிடும்.

முதல் முடிவுகள்

கேமராவை விற்கக் கூடாது, பணத்தை முதலில் கேமராவின் உடலுக்குச் செலவிட வேண்டும் என்று முடிவானது. ஈப்போவில் கடிகாரமும் கேமராவும் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் 350 ரிங்கிட்டுக்குக் கேமராவைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் மாற்றி, ரேஞ்ச்ஃபைண்டரை நேராக்கிக் கொடுத்தார். லென்ஸையும் திறந்தார். பூஞ்சை போய்விட்டது. படலம் முக்கால்வாசி போனது. மீதி கண்ணாடியில் அரித்த தழும்பாகத் தங்கிவிட்டது.

கூடவே இரண்டாவது லென்ஸ் ஒன்று வாங்குவதென்றும் தீர்மானித்தோம். லைக்காவின் சொந்த லென்ஸ்கள் கேமராவின் விலையைப் போல் பல மடங்கு. பேத்திக்கு இன்னும் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ் மீது ஆசை இருந்தது. ஆனால் கேனன் பி-யின் ஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை), படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிச்சட்டங்களில் 35-க்கானது விளிம்பை ஒட்டி வருகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர் அந்த நான்கு மூலைகளையும் ஒரே பார்வையில் காண முடியாது. அவர் கண்ணாடி அணிபவர். அதனால் 50-லேயே வேறு குணமுள்ள ஒன்றைத் தேடி, 240 ரிங்கிட்டுக்கு ஜுபிடர்-8 எஃப்/2 வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்கு முன் லூட்விக் பெர்டெலே ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த சோன்னார் லென்ஸின் சோவியத் பிரதி அது. ஆறு கண்ணாடிகளை மூன்று கூட்டாக ஒட்டிய அமைப்பு. காற்றைத் தொடும் பரப்புகள் குறைவு என்பதால், பழைய பூச்சு உள்ள லென்ஸாக இருந்தும் எதிர்வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். எங்கள் பழைய கேனன் லென்ஸால் முடியாத வேலையை இது செய்யும் என்பதே தேர்வுக்குக் காரணம். அலுமினிய உடல், கையில் எடை தெரியாது. வரிசை எண் 71 என்று தொடங்கியது; அந்த ஆலையின் வழக்கப்படி முதல் இரண்டு இலக்கமும் தயாரான ஆண்டைக் குறிக்கும்.

ஃபைண்டரின் உலோக வளையம் மூக்குக்கண்ணாடியைக் கீறும். அதில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை ஒட்டினோம். சிறிய வேலைதான், ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் தயங்காமல் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கத் தொடங்கினார்.

முதல் சுருள்கள்

இந்தக் கேமராவில் படமெடுப்பதன் இன்பத்தை நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கேனன் பி-யின் ஃபைண்டர் உலகத்தைச் சிறிதாக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியும் அதே அளவில் காட்டுகிறது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒளிச்சட்டம் மட்டும் காட்சியின் மேல் மிதக்கும். சட்டத்துக்கு வெளியே நடந்து வருகிற ஆள் எப்போது உள்ளே வருவார் என்பது முன்கூட்டியே தெரியும். நடுவில் உள்ள ஒளித்திட்டில் ஒருவருடைய மூக்குத்தி இரண்டாகத் தெரிந்து, லென்ஸைத் திருப்பத் திருப்ப நகர்ந்து ஒன்றாகும் அந்தக் கணத்தில் விரல் தானாகவே பட்டனை அழுத்துகிறது. பேத்தி முதல் வாரம் ஃபிலிம் போடாமலேயே லயம் முழுக்க இப்படிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

வெளிச்சத்துக்கு முதலில் கைப்பேசியின் ஒளிமானியை வைத்துக்கொண்டார். பெரியவர் அதை விரும்பவில்லை. ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப்/16, 1/500. திறந்த நிழலில் எஃப்/5.6, ரப்பர் மரத்தடியில் அதைவிட இரண்டு மடங்கு திற என்று பழைய கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். கறுப்பு வெள்ளை ஃபிலிம் இரண்டொரு நிலைப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

ஒரு சுருள் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய 75 ரிங்கிட் வரை ஆனது. கோலாலம்பூருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். முதல் இரண்டு சுருளும் ஜுபிடரில் எடுத்தவை. லயத்தின் நீண்ட வாசல் வரிசை, கோயில் முகப்பு, ரப்பர்ப் பால் வாளியோடு நடந்து போகிறவர்கள் எல்லாம் தெளிவாக வந்திருந்தன. முகங்கள் மட்டும் கெட்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவரை அருகே உட்காரவைத்து எடுத்த படத்தில் கண் இமைகள் கரைந்திருக்க, காதோரத்து நரைமுடி ஒவ்வொன்றும் எண்ணும்படி நின்றது. “ஐயா, எனக்குக் கை நடுங்குகிறதா, அல்லது மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டுமா?” என்று கேட்டார் பேத்தி. இந்தக் கேள்வியோடு கேமராவைக் கைவிட்டவர்களை நான் அறிவேன்.

காரணத்தைத் தேடியது

கை நடுங்கினால் படம் முழுவதும் மங்கும். இங்கே ஒரு பகுதி கூர்மையாக இருந்தது, அதுவும் எப்போதும் பின்பக்கமாகவே இருந்தது. ஆக, ஃபோக்கஸ் ஒரே திசையில் தவறுகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கெட்டிருக்கலாம், லென்ஸ் கெட்டிருக்கலாம், அல்லது இரண்டும் சரியாக இருந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் பதியும் இடத்தில் எழுதுவதற்கேற்ற மங்கலான ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டினோம். கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரை பி நிலையில் திறந்து பிடித்தால் நாடாவில் தலைகீழாகப் பிம்பம் விழும். அதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். எதிரே மேசைமீது அளவுநாடாவை நீளவாக்கில் சாய்த்து விரித்து, ஃபிலிம் தளத்திலிருந்து சரியாக 1 மீட்டரில் ஒரு தீக்குச்சியை நிறுத்தினோம். ரேஞ்ச்ஃபைண்டரில் தீக்குச்சியை ஒன்றாக்கிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தோம். பழைய கேனன் லென்ஸில் தீக்குச்சி கூர்மையாக இருந்தது. ஜுபிடரில் தீக்குச்சி மங்கி, அளவுநாடாவில் 103 செ.மீ. கோடு கூர்மையாக நின்றது.

ஆக, கேமரா குற்றமற்றது. டின்னில் இருந்த ரப்பர் மரத்துப் படமும் அதையே சொல்லியது: இதே உடலும் இதே கேனன் லென்ஸும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒத்துப்போயிருக்கின்றன. அந்தக் குறிப்பிட்ட ஜுபிடரும் கெட்டுப்போனதல்ல. 50 மி.மீ. என்று பொறித்திருந்தாலும் லைக்கா மரபில் ரேஞ்ச்ஃபைண்டர் எதிர்பார்க்கும் உண்மையான குவியத் தூரம் 51.6 மி.மீ.; சோவியத் லென்ஸ்கள் ஜெய்ஸின் கேமராவான கான்டாக்ஸின் மரபைப் பின்பற்றி 52.4 மி.மீ. அளவில் செய்யப்பட்டவை. மரை ஒன்றுதான், அளவுகோல் வேறு. முடிவிலியில் இரண்டும் ஒத்துப்போகும். கிட்டே வர வர விலகும். கணக்குப் போட்டால் 1 மீட்டரில் ஃபோக்கஸ் ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால் விழ வேண்டும். மேசையில் கண்டதும் அதேதான்.

எஃப்/2-இல் 1 மீட்டரில் கூர்மையாகத் தெரியும் ஆழம் முன்னும் பின்னும் இரண்டு செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். 3 செ.மீ. பிழை அதற்கு வெளியே விழுகிறது. எஃப்/4-இல் அந்த ஆழம் இரட்டிப்பாகி, பிழை உள்ளே மறைந்துவிடுகிறது. 2 மீட்டருக்கு அப்பால் எஃப்/2-லேயே மறைகிறது. வாசல் வரிசையும் கோயிலும் தெளிவாக வந்ததற்கும் முகம் மட்டும் கெட்டதற்கும் காரணம் இதுவே.

இரண்டாவது முடிவு

மூன்று வழிகள் இருந்தன. லென்ஸைத் திருப்பி அனுப்பலாம். அல்லது உள்ளே மெல்லிய வளையத் தகடு ஒன்றை வைத்துக் கண்ணாடித் தொகுதியை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னே தள்ளலாம். ஆனால் அப்போது கிட்டத்து முகம் சரியாகும், முழுத் திறப்பில் தொலைவு கெடும். அல்லது லென்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் எல்லையைத் தெரிந்து பயன்படுத்தலாம்.

பேத்தி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். நானும் அதையே சொன்னேன். தகடு வைத்தால் ஜுபிடர் தன் பலத்தை இழக்கும். அதை வாங்கியதே கோயில் விளக்குகளுக்கும் விடியற்காலை எதிர்வெளிச்சத்துக்கும்தான், அவையெல்லாம் 2 மீட்டருக்கு அப்பால் நடப்பவை. கிட்டத்து முகங்களுக்குப் பழைய கேனன் இருக்கிறது. அதன் தழும்பு எதிர்வெளிச்சத்தில்தான் பேசும். திண்ணை நிழலில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, அது முகங்களை மென்மையாகவும் கண்களைக் கூர்மையாகவும் வரைகிறது. ஒன்றின் குறை இருக்கும் இடத்தில் மற்றதன் பலம் இருந்தது. ஜுபிடரிலேயே கிட்டே எடுக்க நேர்ந்தால் எஃப்/4-ஐவிடப் பெரிதாகத் திறப்பதில்லை என்று அவர் விதி வைத்துக்கொண்டார்.

நடந்தது

அடுத்த மாதங்களில் பேத்தி மெதுவாகப் படமெடுத்தார். ரப்பர்க் காட்டில் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பால் வெட்டும் ஒரு தம்பதியை ஜுபிடரில் எடுத்த படம் எனக்கு மிகவும் பிடித்தது. மரங்களுக்கிடையே வானம் வெளுத்திருக்கிறது, ஆனாலும் மனைவியின் கையில் இருக்கும், பால் சேரும் கிண்ணமான மங்கின் உட்புறம் வரை தெரிகிறது. பழைய கேனனில் எதிரே ஒரு வானத்துண்டு வந்திருந்தால் அந்தப் படம் வெளுத்துப் போயிருக்கும். பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தது கேனனில், எஃப்/2.8-இல், 1 மீட்டரில். கண்புரை அறுவைக்குப் பிறகு அவருக்கு ஒளித்திட்டு சரியாகத் தெரிவதில்லை. இருந்தாலும் தூரத்தைக் கையால் வைத்து, எஃப்/8-இல் பேத்தியை அவரும் ஒரு படம் எடுத்தார். நன்றாகவே வந்திருந்தது.

ஓர் இழப்பும் உண்டு. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பழைய தொழிலாளர்கள் கடைசியாக ஒன்றுகூடி நின்ற காலையில், ஃபிலிமின் முனை சுருட்டும் அச்சில் பிடிக்கவில்லை. எண்காட்டி நகர்ந்துகொண்டே இருந்தது, ஃபிலிம் நகரவில்லை. முழுச் சுருளும் வெறுமையாக வந்தது. அவர்களில் சிலர் மறுவாரமே பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார்கள். மறுபடி எடுக்க வழியில்லை. இதற்கு ஈடு எதுவும் இல்லை.

தேர்ந்தெடுத்த படங்களை அச்சிட்டு, திருவிழாவின்போது கோயில் மண்டபத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள், தாத்தாவின் டின்னிலிருந்த படங்களையும் பக்கத்தில் வைத்து. வந்தவர்கள் பழைய படங்களில் பெயர் தெரியாமல் நின்ற பலரை அடையாளம் சொன்னார்கள். பின்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார் பேத்தி. படங்களை வாங்கிச் செல்ல விரும்பியவர்களுக்கு மறு அச்சு போட்டுக் கொடுத்தார். அந்தப் பணத்தில் அடுத்த சுருள்கள் வந்தன.

ஜுபிடர் வாங்குமுன்பே, கேமராவையும் லென்ஸையும் தோல் பையில் வைப்பது நிறுத்தப்பட்டது. நம் நாட்டு ஈரத்தில் தோல் பைதான் பூஞ்சைக்குத் தாய்வீடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானி: எல்லாம் சேர்த்து 60 ரிங்கிட்டுக்குள். ஈரப்பதத்தை 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைக்கிறார். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடுகிறார். ஆண்டுக் கடைசி மழைக்குப் பிறகு இரண்டு லென்ஸையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். புதிய இழை ஒன்றும் இல்லை.

மாற்ற வேண்டியவை

ஒட்டுநாடாச் சோதனை லென்ஸ் கைக்கு வந்த அன்றே நடக்க வேண்டியது. நடந்திருந்தால் பாட்டியின் படம் உட்பட இரண்டு சுருள் முகங்கள் தப்பியிருக்கும். வேறு மரபில் செய்த லென்ஸை எந்த உடலில் மாட்டினாலும், 1 மீட்டரிலும் 2 மீட்டரிலும் முழுத் திறப்பில் ஒருமுறை பார்த்துவிடுவது என்பதை இப்போது நான் என்னிடம் வருகிற எல்லோருக்கும் முதல் வேலையாகச் சொல்கிறேன்.

ஃபிலிம் போட்டதும், திரும்பச் சுற்றும் கைப்பிடியை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு, அடுத்த சட்டத்துக்கு நகர்த்தும்போது அந்தக் கைப்பிடி தானாகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழலாவிட்டால் ஃபிலிம் நகரவில்லை. பெரட்டுக் களத்துக்குப் பிறகு பேத்தி இதைச் செய்யாமல் கதவைத் தாண்டுவதில்லை. முக்கியமான நாளில் ஒரே சுருளை நம்பாமல், கைப்பேசியிலும் சில படம் எடுத்து வைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டார்.

செலவின் வரிசை சரியாகவே இருந்தது: முதலில் உடல், பிறகு ஈரத்திலிருந்து காப்பு, பிறகுதான் புதிய லென்ஸ். அதை நான் மாற்ற மாட்டேன்.

குடும்பம் மலிவு வீட்டுக்கு மாறிவிட்டது. பேத்தி இப்போது கேனன் 100 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எடை குறைவு, விலையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஃபைண்டரில் அதற்கான சட்டமும் ஏற்கெனவே உண்டு. கேனனே செய்தது என்பதால் அளவுகோல் ஒத்துப்போக வேண்டும். ஆனாலும் நாடாவை ஒட்டிப் பார்த்த பிறகே விற்பவருக்குப் பணம் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.